தூரம் எழுதிய லென்ஸ்

பழைய பாணி ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் வாங்க நினைப்பவர் காதில் முதலில் விழும் சொல் ‘கேரக்டர்’. ஜப்பானின் கொசினா நிறுவனம் 1999 முதல் ஃபோக்ட்லேண்டர் என்ற பழைய ஜெர்மன் பெயரில் செய்துவரும் லென்ஸ்கள், லைக்கா தன் பழைய வடிவங்களையே மறுபடி எடுத்து 2016இல் சம்மரான் 28, 2017இல் தாம்பார் 90, 2022இல் சம்மிலக்ஸ் 35 என்று வெளியிட்டவை, சீனாவிலிருந்து வரும் நகல்கள் எல்லாமே பெரும்பாலும் இந்த ஒரு சொல்லை நம்பித்தான் விற்பனைக்கு வருகின்றன. இவற்றுக்குத் தனிக் குணம் உண்டு, இன்றைய லென்ஸ்கள் அதைத் தொலைத்துவிட்டன என்பது வாதம். இப்படியொரு 35 மி.மீ. லென்ஸை வைத்துப் படமெடுத்துவரும் எனக்கு வேறொரு கருத்து படிந்திருக்கிறது. குணம் என்று நாம் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் கண்ணாடியின் குறைகளை. அவை சில படங்களுக்கு அழகு சேர்க்கும், பல படங்களைக் கெடுக்கும். லென்ஸ் நாள்தோறும் உழைப்பது அதன் குழல்மேல் செதுக்கியிருக்கும் தூர எண்களால். 0.7, 1, 1.5, 2, 3, 5, அப்புறம் படுத்த எட்டு போன்ற முடிவிலிக் குறி. இந்த வரிசைக்காகவே இதை வாங்கலாம் என்பது என் கட்சி.

இதைச் சரிபார்க்கக் கொல்லிமலையின் வாசலூர்பட்டியை எடுத்துக்கொள்கிறேன். படகு இல்லத்து நீர்ப்பரப்பு, சுற்றிலும் சரிவு, பக்கத்துத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, அதன் நிழலில் காப்பிச் செடி, மழைக்காலத்தில் சொல்லாமல் இறங்கும் மூடுபனி. லென்ஸுக்குக் கஷ்டம் கொடுக்கிற வெளிச்சங்கள் எல்லாம் ஒரு சிறு நடைக்குள் கிடைக்கின்றன. நீரில் பட்டு எதிரே அடிக்கும் ஒளி, கிளைகளுக்கு நடுவே ஓட்டையாகத் தெரியும் வெள்ளை வானம், நிழல் அப்பிய தோட்டம், எதிலும் விளிம்பே தெரியாத பனி. கடையில் மேசைமேல் வைத்துப் பார்த்தால் எல்லா லென்ஸும் நல்ல லென்ஸ்தான்.

முதலில் கண்ணாடி. பூச்சு இல்லாத கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளி திரும்பிவிடும். ஃபோக்ட்லேண்டர் நாக்டன் கிளாசிக் 35 எஃப் 1.4 லென்ஸில் எட்டுக் கண்ணாடிகள் ஆறு தொகுதிகளாக இருக்கின்றன; காற்றைத் தொடும் பரப்புகள் பன்னிரண்டு. பூச்சே இல்லாவிட்டால் உள்ளே போன ஒளியில் 61 சதவீதம்தான் நேராக மறுபக்கம் வரும். பரப்புக்கு ஒன்றரை சதவீதம் திருப்பும் ஒற்றைப் பூச்சு என்றால் 83 சதவீதம். அரை சதவீதத்துக்குக் கீழே இறக்கும் பலபூச்சு என்றால் 94 சதவீதத்துக்கு மேல். மீதி ஒளி காணாமல் போவதில்லை. ஒரு பகுதி உள்ளேயே முட்டி மோதி, படத்தின் கறுப்பான இடங்களில் வெள்ளைப் பூச்சாகப் படிகிறது. ட்ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935இல் பூச்சுக்குக் காப்புரிமை வாங்கியது இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான். அதற்கு முந்தைய வடிவமைப்பாளர்கள் கண்ணாடித் தொகுதிகளைக் குறைவாக வைத்துச் சமாளித்தார்கள். லைக்காவைச் செய்த லைட்ஸ் நிறுவனத்தின் பழைய எல்மார் 50இல் மூன்றே தொகுதிகள் இருப்பதால் ஆறு பரப்புகள்தான். இப்போதோ அதே நாக்டனை ஒற்றைப் பூச்சு, பலபூச்சு என்று இரண்டு விதமாக விற்கிறார்கள். ஒளி சிதறுவதையே விரும்பி ஒற்றைப் பூச்சைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

வாசலூர்பட்டியின் பனியில் இந்த விருப்பம் அடிவாங்குகிறது. வெயில் ஏறும் நேரத்துப் பனி என்பது வானம் முழுக்க விரித்த வெள்ளை விளக்கு. எந்தப் பக்கம் திருப்பினாலும் லென்ஸின் முகத்தில் ஒளி. ஒற்றைப் பூச்சு லென்ஸ் அந்த ஒளியை உள்ளே சிதறடித்து, ஏற்கெனவே வெளுத்த காட்சியை இன்னும் வெளுக்கிறது. முன்னால் நிற்கும் மரத்தண்டு கறுப்பாகவும், பின்னால் போகப்போக மரங்கள் சாம்பலாகவும் கரைவதுதான் பனிப்படத்தின் உயிர். முன்தண்டே சாம்பலானால் ஆழம் போய்விடுகிறது. மங்கல் மலையினுடையதா லென்ஸினுடையதா என்று படம் பார்ப்பவருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர்கள் பலபூச்சு வகையை வாங்குவது நல்லது, கூடவே அதற்கென்றே செய்த ஹூடையும். ஹூட் இல்லாமல் விற்கும் லென்ஸ்தான் அதிகம். தனியாக வாங்கும்போது விலை எரிச்சலூட்டும். ஆனாலும் ஃபில்டரைவிட ஹூட் முக்கியம். முகத்தில் தட்டையான ஃபில்டர் ஒன்றைச் சேர்த்தால் இன்னும் இரண்டு பரப்புகள் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து, பெரிய துவாரம். எஃப் 1.4இல் இந்த வகை லென்ஸ் வெளிச்சப் புள்ளிகளைச் சுற்றி ஒரு மினுக்கம் போடும், ஓரங்கள் கரையும், மூலைகள் இருளும். காப்பித் தோட்ட நிழலில் ஒரு முகத்தை எடுத்தால் இது அழகாகவே இருக்கும். அதை மறுக்க மாட்டேன். ஆனால் மரக்கிளைகளுக்கு நடுவே வானம் தெரிந்தால் ஒவ்வொரு இடைவெளியும் ஒரு பஞ்சுத்துண்டாக வீங்கி, முகத்தைவிட அதுவே கண்ணில் படும். 1961இல் லைட்ஸ் 35 மி.மீ. சம்மிலக்ஸை எஃப் 1.4இல் கொண்டுவந்தபோது அதற்கு நியாயம் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் வழக்கமாகப் பயன்படுத்திய வேகமான ஃபிலிம் 400 ஐ.எஸ்.ஓ. இன்றைய கேமரா 3200இல் கூச்சமில்லாமல் படம் தருகிறது. 400க்கும் 3200க்கும் இடையே மூன்று படி, எஃப் 1.4க்கும் எஃப் 4க்கும் இடையேயும் அதே மூன்று படி. அன்று எஃப் 1.4இல் எடுக்க வேண்டியிருந்த இருட்டை இன்று எஃப் 4இல் எடுத்துவிடலாம். இருட்டுக்காக என்ற காரணம் போய்விட்டது. பின்னணியை மங்கலாக்க என்ற காரணம் மட்டும் எஞ்சியிருக்கிறது. எஃப் 5.6 தாண்டினால், நல்ல முறையில் செய்த பழைய பாணி லென்ஸுக்கும் நவீன லென்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஓரங்களைப் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். ஆக விளம்பரம் பேசுகிற குணம் துவாரத்தின் முதல் இரண்டு மூன்று படிகளில் குடியிருக்கிறது, மலையில் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை அதற்கு அப்பால் நடக்கின்றன.

பெரிய புகைப்படக்காரர்கள் பெயரைச் சொல்லி இதை மறுப்பவர்கள் உண்டு. ஹென்றி கார்ட்டியே பிரஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களில் ஆசிரமத்தில் இருந்து படமெடுத்தார். அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரை எடுத்தார். அவர் கையில் லைக்கா. பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ். அந்தப் படங்களின் தன்மை பழைய லென்ஸிலிருந்து வந்தது, நமக்கும் அது வேண்டும் என்பது ஆசை. ஆனால் அவர் பழைய லென்ஸைத் தேடிப் போகவில்லை. அவர் காலத்துக்கு அது புதிய கருவி. உற்பத்தியாளர்களும் குறைகளைக் காப்பாற்றி வைக்கவில்லை. லைட்ஸ் 1933இல் கொண்டுவந்த சம்மார் 50 எஃப் 2 மென்மையாக இருக்கிறது என்றுதான் 1939இல் சம்மிட்டார் வந்தது, அதுவும் போதாமல் 1953இல் சம்மிக்ரான் வந்தது. இருபது ஆண்டுகள் அவர்கள் எதை ஒழிக்கப் பாடுபட்டார்களோ அதையே நாம் குணம் என்று விலை கொடுத்து வாங்குகிறோம். கார்ட்டியே பிரஸ்ஸோனிடமிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது வேறு. ஒரே குவியத்தூரம், கைக்குப் பழகிய ஃபோகஸ் வளையம், எங்கே நின்றால் சட்டத்துக்குள் எவ்வளவு விழும் என்று கேமராவைத் தூக்கும் முன்பே தெரிந்திருப்பது. இது கண்ணாடியில் வருவது கிடையாது.

இனித் தூர எண்களுக்கு வருகிறேன். 35 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து வளையத்தை 5 மீட்டரில் நிறுத்தினால், வழக்கமான கணக்கின்படி இரண்டரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக விழும். 3 மீட்டரில் நிறுத்தினால் 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை. எஃப் 11 என்றால் வளையம் மூன்றே முக்கால் மீட்டரில் இருந்தாலே அடிவானம் கிடைத்துவிடும், இந்தப்பக்கம் 1.9 மீட்டர் வரை வரும். இந்தக் கணக்கை மனப்பாடம் செய்யக்கூடத் தேவையில்லை. தூர எண்களுக்குக் கீழே துவார எண்கள் இருபுறமும் கண்ணாடிப் பிம்பமாகச் செதுக்கியிருக்கும். முடிவிலிக் குறியை வலது 8க்கு நேரே கொண்டுவந்தால் இடது 8க்கு நேரே இருக்கும் தூரம்தான் எல்லை. வல்வில் ஓரி ஆண்ட மலை இது; ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியை, மானை, பன்றியைத் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்ப் பதிந்தது என்று சங்கப் புலவர் பாடிய வில்லாளி. எஃப் 8இல் 5 மீட்டர் வைத்த லென்ஸும் ஏறக்குறைய அப்படித்தான். ஒருமுறை குறி வைத்தால் வரிசையாக நிற்கும் எல்லாவற்றிலும் படும். (ஓரிக்கு டிரைபாடும் வேண்டியிருக்கவில்லை.)

இதில் முக்கியமானது, குறி முன்கூட்டியே வைக்கப்படுகிறது என்பது. படகு இல்லத்தில் கரையை நோக்கி வரும் படகு எந்த இடத்தைக் கடக்கும் என்பது முன்பே தெரியும். அந்த இடம் 5 மீட்டர் என்று வைத்துவிட்டால் மிதிப்பவர்களின் முகத்தில் சிரிப்பு வரும் கணத்துக்காகக் காத்திருப்பது மட்டுமே வேலை. கேமரா எதையும் தேடாது, முன்னும் பின்னும் ஓடாது, நீரில் மினுங்கும் ஒளியைப் பிடித்துக்கொண்டு முகத்தை விடாது. தானியங்கி லென்ஸ்களில் இதைச் செய்ய முடியாதா என்றால், கொள்கையளவில் முடியும். நடைமுறையில் இன்றைய மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றில் தூர எண்களே கிடையாது. வளையம் நின்ற இடமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், மின்சாரம் அணைந்தால் வைத்த தூரமும் மறந்துபோகலாம். பழைய பாணி லென்ஸில் வளையம் தொடக்கத்திலும் முடிவிலும் முட்டி நிற்கிறது. அந்த முட்டுதான் இருட்டிலும் விரலுக்கு வழி சொல்கிறது. வளையத்தின் கீழே விரல்நுனிக்கென்று ஒரு சிறு கொக்கி வைத்த லென்ஸ் கிடைத்தால் அதையே எடுக்க வேண்டும். கொக்கி எந்தக் கோணத்தில் இருந்தால் என்ன தூரம் என்று இரண்டு மூன்று நிலைகளை மட்டும் பழகினால் போதும்: கிட்டே, இரண்டு மீட்டர், ஐந்து மீட்டர். லென்ஸுக்கு லென்ஸ் கோணம் மாறும் என்பதால் இந்தப் பழக்கம் ஒரே லென்ஸை வைத்திருப்பவருக்குத்தான் கைகூடும். நான்கைந்து லென்ஸ் சேர்ப்பவர்களிடம் சேகரிப்பு இருக்கும், இந்தப் பழக்கம் இருக்காது.

தூரத்தைக் கண்ணால் அளப்பது எப்படி என்பது அடுத்த கேள்வி. முழுச்சட்ட கேமராவில் 35 மி.மீ. லென்ஸுக்கு ஓர் அருமையான சௌகரியம் உண்டு. சென்சாரின் நீளப்பக்கம் 36 மி.மீ.; குவியத்தூரம் 35. இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்பதால், சட்டத்தின் நீளப்பக்கம் எத்தனை மீட்டரை அடக்குகிறதோ பொருள் அத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறது. மூன்று மீட்டர் நீளப் படகு சட்டத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிரப்பினால் தூரம் மூன்று மீட்டர். கேமராவைப் படுக்கையாகப் பிடித்திருக்கும்போது நிற்கும் ஆள் ஒருவர் தலையிலிருந்து பாதம் வரை இடுக்கமாக அடங்கினால் இரண்டரை மீட்டர். இடுப்புக்கு மேலே மட்டும் அடங்கினால் அதில் பாதி. இந்த மூன்று அளவும் தெரிந்தவருக்குச் கொல்லிமலையின் சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழமும் அன்னாசியும் குவிந்த கடைகளுக்கு நடுவே நடக்கும்போது வளையம் தானாகச் சரியான இடத்துக்குப் போகும். 50 மி.மீ.யில் இந்தச் சௌகரியம் இல்லை, தெளிவின் ஆழமும் குறைவு. எஃப் 8இல் அடிவானம் வரை வேண்டுமென்றால் 10 மீட்டருக்கு மேல் வைக்க வேண்டும், ஐந்து மீட்டருக்கு இந்தப்பக்கம் எல்லாம் கரையும். ஆகவே முதல் லென்ஸாக 35 அல்லது 28தான் சொல்வேன். லைக்கா மீண்டும் கொண்டுவந்த 28 மி.மீ. சம்மரானின் அதிகபட்சத் துவாரமே எஃப் 5.6தான். மங்கலான பின்னணி அதில் கனவு. அதே துவாரத்தில் 4.7 மீட்டரில் நிறுத்தினால் 2.4 மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு. ஃபோகஸைப் பற்றி யோசிக்காமல் நடக்கலாம்.

தானியங்கி ஃபோகஸ் இவ்வளவு தூரம் வளர்ந்த பிறகு இதெல்லாம் வீம்பு என்று சொல்பவருக்குப் பாதி சம்மதம் தருவேன். ஓடி விளையாடும் குழந்தை, கிளைவிட்டுக் கிளை தாவும் பறவை, கல்யாண மேடை இவற்றுக்கு இந்த லென்ஸ் தோது கிடையாது. கண்ணைக் கண்டுபிடித்துப் பின்தொடரும் கேமராவை இதனால் வெல்ல முடியாது. ஆனால் தானியங்கிக்கும் பிடிமானம் வேண்டும். விளிம்போ ஒளிவேறுபாடோ இருந்தால்தான் அது பற்றிக்கொள்ளும். அடர்ந்த பனியில் இரண்டும் இல்லை. மோட்டார் முன்னும் பின்னும் ஓடிக் கைவிட்டுவிடும். நியாயமாகச் சொன்னால், ரேஞ்ச்ஃபைண்டரும் இங்கே தோற்கும். 1932இல் லைக்கா II கேமராவில் லென்ஸோடு இணைத்த இந்த ஏற்பாடு, இரண்டு சாளரங்களின் வழியே வரும் இரட்டை உருவங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்திப் பார்க்கச் சொல்கிறது. விளிம்பு இல்லாத பனியில் எதை எதன்மேல் பொருத்துவது? மிரர்லெஸ் திரையில் விளிம்புக்கு நிறம் தீட்டிக் காட்டும் பீக்கிங் வசதிக்கும் அதே கதி. எல்லா உதவியும் கைவிட்ட இடத்தில் குழல்மேல் எழுதியிருக்கும் எண் மட்டும் மாறாமல் நிற்கிறது. மரம் நான்கு மீட்டர் என்று கால் சொன்னால் நான்கு மீட்டரில் வைத்தால் போதும்.

கேரக்டரை மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாமே என்பது இன்னொரு எதிர்வாதம். பெருமளவு உண்மை. மூலை இருட்டு, குறைந்த கறுப்பு, மஞ்சள் சாயல் எல்லாம் சில நொடிகளில் வந்துவிடும். துவாரம் திறந்த மினுக்கம் தூரத்துக்குத் தூரம் மாறுவதால் அதைப் போலிசெய்வது கடினம் என்பது மட்டுமே மிச்சம். குணத்துக்காக வாங்குபவரை இந்த வாதம் பாதிக்கும். தூர எண்ணுக்காக வாங்குபவரை ஒன்றும் செய்யாது.

பழையதையே வாங்கலாமே, எதற்குப் பழைய பாணியில் புதியது என்று கேட்பவர்களின் வாதம்தான் எல்லாவற்றிலும் வலுவானது. சோவியத் ஜூபிட்டர் 8, இண்டஸ்டார் 61 போன்றவை புதிய லென்ஸின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. அவற்றிலும் தூர எண்கள் உண்டு. மிரர்லெஸ் கேமராவில் பொருத்துவதாக இருந்தால், சுத்தமான ஒன்று கிடைத்தால், தாராளமாக வாங்கலாம். என் வாதம் அதற்கு எதிரானதில்லை. லைக்கா மாதிரியான ரேஞ்ச்ஃபைண்டர் உடலில் பொருத்தினால்தான் சிக்கல். சோவியத் 50 மி.மீ. லென்ஸ்கள் ட்ஸைஸ் அளவைப் பின்பற்றியவை. லைக்கா எதிர்பார்க்கும் உண்மைக் குவியத்தூரம் சற்றே வேறு. முடிவிலியில் பொருந்தும், கிட்டே வரவரப் பிசகும். எஃப் 8இல் மறைந்துபோகும் பிசகு எஃப் 2இல் முகத்தில் தெரியும். இதைவிடப் பெரிய கேள்வி சுத்தம். நம் ஊர் ஈரத்தில் பல பத்தாண்டுகள் அலமாரியில் கிடந்த லென்ஸில் ஃபங்கஸ் இல்லாமலிருந்தால்தான் ஆச்சரியம். வாங்கும் முன் இரண்டு மூடியையும் கழற்றி, துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து கைப்பேசி விளக்கை அடித்துச் சாய்வாகப் பார்க்க வேண்டும். சிலந்திவலை போல நூல் ஓடினால் ஃபங்கஸ். அது பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. புகை படிந்தாற்போல் இருந்தால் உள்ளே கிரீஸ் ஆவியாகிப் படிந்தது. பல நேரம் துடைக்கக் கூடியது. விளிம்பில் வானவில் நிறத்தில் வளையம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன என்று பொருள். அதை விட்டுவிட்டு நடையைக் கட்டலாம். தூசிக்குப் பயப்பட வேண்டாம். வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் கொண்டுவந்த யாஷிகா எலெக்ட்ரோ 35 சில வீட்டுப் பெட்டிகளில் இன்னும் தூங்குகிறது. 1966இல் வந்த கேமரா, பிரிக்க முடியாத 45 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ். ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் என்ன என்று செலவில்லாமல் அறிய அதைத் தூசி தட்டினால் போதும்.

புதியது வாங்கி மிரர்லெஸ் உடலில் அடாப்டர் மூலம் பொருத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்காவிட்டால் நான் சொன்ன நன்மை முழுவதும் பறிபோகும். லைக்கா எம் லென்ஸ், சென்சாரிலிருந்து தன் அடிப்பாகம் 27.8 மி.மீ. தள்ளியிருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது. சோனி உடலில் அந்தத் தூரம் 18, நிக்கான் இஸட்டில் 16. மீதியை அடாப்டர் நிரப்ப வேண்டும். அடிவானம் தெளியாமல் போனால் வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்பதால் மலிவான அடாப்டர்களைச் சற்றுக் குட்டையாகவே செய்கிறார்கள். எவ்வளவு குட்டை என்பதில்தான் விஷயம். 35 மி.மீ. லென்ஸ் முடிவிலியிலிருந்து 5 மீட்டருக்கு வர மொத்தமாக நகரும் தொலைவே கால் மில்லிமீட்டர். அடாப்டர் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.05 மி.மீ. குட்டையாக இருந்தால், குழலில் 3 என்று வைத்தது உண்மையில் 3.4 மீட்டர், 5 என்று வைத்தது 6.3, 10 என்று வைத்தது ஏறக்குறைய 17. எஃப் 8இல் இதைத் தாங்கிக்கொள்ளலாம். துவாரத்தைத் திறந்தால் எண்கள் பொய் சொல்லும். சோதிப்பது எளிது. சுவரில் செய்தித்தாள் ஒட்டி, சென்சாரின் தளத்திலிருந்து டேப் பிடித்து 3 மீட்டர் அளந்து, திரையில் பெரிதாக்கிக் கூர்மையான இடத்தைக் கண்டுபிடித்து, வளையம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 3க்கு நேரே நிற்காவிட்டால் நல்ல அடாப்டருக்குச் செலவு செய்வது லென்ஸில் அடுத்த வகைக்குத் தாவுவதைவிட உருப்படியான செலவு. சென்சாரின் முன்னுள்ள கண்ணாடித் தடிமன் இன்னொரு வில்லங்கம். ஃபிலிமுக்காக வகுத்த அகலக்கோண லென்ஸ்களில் ஓரத்துக் கதிர்கள் சாய்ந்து வருவதால் மூலைகள் கலங்கும், சில உடல்களில் செந்நீலச் சாயல் ஏறும். 35இல் இது பொறுக்கத் தக்கது. 21, 15 என்று போகப்போக மோசமாகும். சிறிய சென்சார் கேமராவில் ஆழ எண்களை ஒரு படி சுருக்கிப் படிக்க வேண்டும்: எஃப் 11 வைத்துக்கொண்டு 8க்கான கோடுகளைப் பார்ப்பது பாதுகாப்பு. பெரிய அச்சு போடுகிறவர்களுக்கும் அதே யோசனை.

ரேஞ்ச்ஃபைண்டர் உடலிலேயே பயன்படுத்துபவருக்கு வேறு சில எச்சரிக்கைகள். உடலுக்குள் இருக்கும் ரோலர் ஃபோகஸ் வளையத்தோடு நகரும் லென்ஸின் பின்விளிம்பை (கேம்) தொட்டுத்தான் தூரத்தை அறிகிறது. துவாரம் மாறினால் ஃபோகஸ் இடம் நகருவது அதற்குத் தெரியாது. பழைய வடிவங்களில் இந்த நகர்வு அதிகம். ட்ஸைஸின் சி சொன்னார் 50 எஃப் 1.5 இதற்குப் பேர்போனது. எஃப் 2இலிருந்து 4 வரை கிட்டத்துப் பொருளை எடுக்கும்போதுதான் உறுத்தும். சரியாகப் பொருத்தியும் கண்ணுக்குப் பின்னால் காது கூர்மையாக இருந்தால் சந்தேகிக்க வேண்டியது இதை. பெரும்பாலான எம் உடல்களில் 0.7 மீட்டருக்குள் இணைப்பு வேலை செய்யாது. மிளகுக்கொத்தை நெருங்கி எடுக்க ஆசைப்பட்டால் இது தவறான கருவி. அதற்குச் சுருள்திருகு வைத்த அடாப்டரோடு மிரர்லெஸ் உடல் வேண்டும்.

கொல்லிமலையில் லென்ஸைக் காப்பது தனிப் பாடம். மலை ஆயிரம் மீட்டருக்கு மேல். அடிவாரம் காரவள்ளி அதற்கு வெகு கீழே. மேலே குளிர்ந்த பித்தளையும் கண்ணாடியும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக் கீழே ஈரச் சூட்டைச் சந்திக்கும்போது முகத்தில் நீர் பூக்கும். வெளியே பூப்பதைத் துடைத்துவிடலாம். ஃபோகஸ் வளையம் நகரும்போது மூச்சிழுப்பதுபோல் காற்று உள்ளே போய்வருகிற இந்த லென்ஸ்களில் ஈரம் உள்ளேயும் தங்கும். இறங்குவதற்கு முன் மூடியிட்டு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் காற்றை அழுத்தி வெளியேற்றிப் போட்டு, கீழே வந்து லென்ஸ் அறைச்சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. வீட்டில் தோல்பை வேண்டாம். தோல் ஈரத்தைக் காக்கும், ஃபங்கஸுக்கு அது விருந்து. ரப்பர் வளையம் வைத்த சோற்று டப்பா, அதில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானி போதும். முள் 40க்கும் 50க்கும் இடையே நிற்கட்டும். 65ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் ஜெல்லை வறுத்தெடுக்க வேண்டும். 30க்குக் கீழே போகத் தேவையில்லை. வளையம் கனத்தாலோ நடுவில் தட்டினாலோ மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது, பிரித்த சுருள்திருகை அதே தொடக்கப் பல்லில் மாட்டச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு பல் தவறினாலும் வளையம் சுகமாகச் சுற்றும், முடிவிலி மட்டும் முடிவிலியில் இருக்காது. குழலில் எழுதிய எண்கள் எதற்கும் பயன்படாது. திருப்பி வாங்கும்போது அந்த 3 மீட்டர் செய்தித்தாள் சோதனையை மறுபடி செய்துவிட்டுத்தான் பணத்தைக் கொடுக்க வேண்டும்.